நிலவறை ஈரம்

ஸ்கந்தபுரம்
06.07.2003

மதிப்புக்குரிய ஹமீட் நானாவுக்கு,

புத்தளத்தில் நீங்களும் ஜொஹறா அக்காவும் சுகமாக இருப்பீர்கள் என்று நினைக்கிறேன். எனக்கு முழங்காலைத் தவிர மற்றவை பரவாயில்லை. இந்தக் கடிதத்தை மூன்று முறை எழுதிக் கிழித்துவிட்டேன். இது நாலாவது.

மின்சாரப் பொருட்கள் விற்றும் திருத்தியும் கடை நடத்துகிறீர்கள் என்பதால் உங்களிடம் கேட்கத் துணிந்தேன். வீட்டுக்குக் கீழே எனக்கு ஒரு நிலவறை இருக்கிறது. விமானக் குண்டுக்குப் பயந்து 92இல் கட்டியது. மற்றவர்கள் பனங்குற்றி அடுக்கிப் பங்கர் வெட்டினார்கள். நான் நீர்ப்பாசனத் திணைக்களத்தில் முப்பத்தொரு வருடம் படவரைஞனாக இருந்தவன் அல்லவா, படம் கீறி, செங்கல் வைத்து, படி கட்டினேன். பின்வளவில் வாய்க்கால் ஓடுகிறது. அதைப் படத்தில் சரியாகக் கீறினேன். கீறிவிட்டு மறந்துவிட்டேன். இப்போது சுவர் வியர்க்கிறது.

நீளம் பன்னிரண்டு அடி, அகலம் ஒன்பது, உயரம் ஏழு. உள்ளே ஒரு வாய் அகன்ற போத்தலில் உப்பு வைத்துக் காலை ஆறரைக்கு நிறுத்துப் பார்க்கிறேன். நூறு கிராம் உப்பு நாலாம் நாள் நூற்றுப் பதினெட்டு கிராமாக இருந்தது. என் தராசு பிழையாகவும் இருக்கலாம்.

வெளிநாடுகளில் இப்படியான அறைகளுக்கு ஈரமுறிஞ்சி என்று ஒரு மெசின் வைப்பார்களாம். பழைய சஞ்சிகை ஒன்றில் வாசித்தேன். அதில் இரண்டு வகை உண்டு என்று இருந்தது. எனக்கு எது பொருந்தும்? இங்கே மின்சாரம் இல்லை. அறுநூற்றைம்பது வாற்ஸ் சின்ன ஜெனரேற்றர் ஒன்று இருக்கிறது.

எதற்கு என்று கேட்பீர்கள். சில கடதாசிகளும் கொஞ்ச விதைநெல்லும் வைத்திருக்கிறேன். அவ்வளவுதான்.

இப்படிக்கு,
ஏரம்பு


புத்தளம்
19.07.2003

ஏரம்பர்,

கடிதம் கிடைச்சுது. பதின்மூன்று வருசத்தில் நீர் எனக்கு எழுதினது ரெண்டே ரெண்டு கடிதம். போன வருசம் சண்டை நிண்டு பாதை திறந்த கையோட, "பெட்டி எப்பிடி?" எண்டு நான் எழுதிக் கேட்டன். "பத்திரமாக இருக்கிறது" எண்டு ஒரு வரி வந்தது. இப்ப ரெண்டு பக்கம் எழுதியிருக்கிறீர், அதில் பெட்டியைப் பற்றி ஒரு சொல் இல்லை. உப்பு எத்தனை கிராம் எண்டு இருக்கு.

மறந்திருந்தால் ஞாபகப்படுத்துறன். தொண்ணூறில் எங்கட முஸ்லிம் ஆக்களை இயக்கம் ஊரைவிட்டுப் போகச் சொன்ன அன்று, எங்கட ஊர் தண்ணீரூற்றில் என்ர வீட்டு வெளியறையில் வாடகைக்கு இருந்தவர் நீர். எங்கட ஒழுங்கையில் இருந்த பதினொரு வீட்டுக் காணி உறுதிப்பத்திரமும் ஒரு தகர றங்குப்பெட்டிக்குள்ள போட்டு உம்மட கையில தந்தனான். வழியில பறிபோகும் எண்ட பயத்தில. "நானா, நீங்கள் வந்து திறக்குமட்டும் நான் திறக்கமாட்டன்" எண்டு அழுதழுது சொன்னீர். எனக்கு ஞாபகம் இருக்கு.

சரி, மெசினுக்கு வருவம். அளவு தெரியாமல் ஒண்டும் சொல்ல ஏலாது. இதுக்கெல்லாம் பதில் எழுதும். அறை நிலத்துக்குக் கீழ எத்தனை அடி? சுவர் எவ்வளவு தடிப்பு? மேல என்ன மூடல், கொங்கிறீற்றோ மண்ணோ? வாசல் ஒண்டோ ரெண்டோ, எந்தப் பக்கம் பார்த்தது? ஒரே நேரத்தில எத்தனை பேர் உள்ள இருப்பினம்? காத்து எதால வருது? ஜெனரேற்றர் எங்க நிக்குது, அந்தச் சத்தம் ரோட்டுக்குக் கேக்குமோ?

கடைசியா ஒண்டு. வன்னியில இந்த மெசினை ஆர் கேக்கிறது? உமக்கா, வேற ஆருக்குமா?

ஹமீட்


ஸ்கந்தபுரம்
03.08.2003

மதிப்புக்குரிய ஹமீட் நானாவுக்கு,

உங்கள் கடிதம் பதினொரு நாளில் வந்தது. உறையின் ஒட்டு ஒரு ஓரத்தில் புதுப் பசையாக இருந்தது. வேறு யாரோ பிரித்து வாசித்திருக்கிறார்கள். அல்லது புத்தளத்தில் நீங்களே இரண்டாம் முறை ஒட்டினீர்களா? தயவுசெய்து இதைத் தெரியப்படுத்துங்கள்.

நீங்கள் கேட்டவை மெசினுக்குத் தேவையான கேள்விகள்தான் என்று எனக்கு விளங்குகிறது. நடுவில் வாசிக்கிறவர்களுக்கு விளங்குமா? எத்தனை அடி ஆழம், மேலே என்ன மூடல், எத்தனை பேர் இருக்கலாம், வாசல் எந்தப் பக்கம். இவை எழுதியிருந்த கடிதத்தை வீட்டுக்குள் வைத்திருக்கவே எனக்குப் பயமாக இருந்தது. மூன்றாம் நாள் அடுப்பில் போட்டுவிட்டேன். அதற்குப் பிறகுதான் நினைத்தேன், எரித்ததையும் யாராவது கண்டிருந்தால் அதற்கும் ஒரு கதை வரும்.

கோபிக்க வேண்டாம். இன்னொன்றும் கேட்கத் தோன்றுகிறது. இந்தக் கேள்விகளை நீங்களாகத்தான் கேட்டீர்களா? பக்கத்தில் இருந்து யாராவது சொல்லி எழுதினீர்களா? புத்தளத்தில் உங்களைச் சுற்றி யார் இருக்கிறார்கள் என்று எனக்குத் தெரியாது. பதின்மூன்று வருடம் பெரிய காலம்.

எழுதக்கூடியதை எழுதுகிறேன். உள்ளே ஆட்கள் இருப்பதில்லை. வாசல் ஒன்று. ஈரம் போகட்டும் என்று வெயில் நேரத்தில் கதவைத் திறந்து வைக்கிறேன். ஆனால் திறந்து வைத்த நாட்களில் உப்பு கூடுதலாகத்தான் நிறுக்கிறது. காரணம் பிடிபடவில்லை.

பெட்டி பத்திரமாக இருக்கிறது.

ஏரம்பு


புத்தளம்
20.08.2003

திரு. ஏரம்பு அவர்களுக்கு,

என்ர தம்பி முன்ஸிர் லொறியோட முல்லைத்தீவுப் பக்கம் யாவாரத்துக்குப் போய் வாறவன். போன கிழமை தண்ணீரூற்றுக்குப் போய் எங்கட வீட்டைப் பார்த்திருக்கிறான். முற்றம் கூட்டி, கொடியில உடுப்புக் காயப் போட்டிருந்ததாம். ஒரு பொம்பிளை வந்து "ஆர் நீங்கள்?" எண்டு கேட்டாவாம். எங்கட வீட்டு வாசலில நிண்டு எங்கட தம்பியிட்ட.

"இது என்ர அண்ணன்ர வீடு" எண்டு இவன் சொல்ல, "ஏரம்பு மாமா தான் என்னை இருக்கச் சொன்னவர். அவரிட்டக் கேளுங்கோ" எண்டு அவ சொல்லியிருக்கிறா. பேர் சிவலட்சுமி. உங்கட தங்கச்சியின்ர மகள்.

இதை நான் மற்றவன்ர வாயாலயோ கேக்க வேணும்?

இப்ப எல்லாம் ஒரு வரிசையில வருது. உறுதி உங்கட கையில. வீட்டுக்குள்ள உங்கட மருமகள். நிலத்துக்குக் கீழ ஒரு அறை, அதை யாருக்கும் காட்டமாட்டீங்கள். அந்த அறைக்கு மெசின் தேடித் தாறவன் ஹமீட். ஓமந்தைச் சோதனையில ஆமி "இது என்ன சாமான், ஆருக்குக் கொண்டு போறாய்?" எண்டு கேட்டால் அடி வாங்கிறவனும் ஹமீட் வீட்டு ஆள். கடிதத்தை ரெண்டாம் முறை ஒட்டினனியோ எண்டு என்னையே கேக்கிறீங்கள். ஓம், நான் கடை வைச்சிருக்கிறன், பசையும் வைச்சிருக்கிறன்.

நவம்பர் 24ஆம் திகதி அரசாங்கக் கச்சேரியில திரும்பிக் குடியேறுற ஆக்களின்ர காணி விசாரணை. உறுதி இருக்கிறவைக்குத்தான் முதல் பெயர். இங்க பதினொரு குடும்பமும் என்ர முகத்தைப் பார்த்துக்கொண்டிருக்கினம். முகாமில பிறந்த பிள்ளைகள் மீசை முளைச்சு நிக்கிறாங்கள்.

ஒரு சோதனை வைக்கிறன். பெட்டியை மூட முன்னம், எல்லாத்துக்கும் மேல ஜொஹறா ஒரு சாமான் வைச்சவ. அது என்ன எண்டு எழுதுங்கோ. சரியா எழுதினால் பெட்டி உங்களிட்டத்தான் இருக்கு எண்டு நம்புறன்.

எம். ஹமீட்


ஸ்கந்தபுரம்
07.09.2003

மதிப்புக்குரிய ஹமீட் நானாவுக்கு,

"திரு" போட்டு எழுதியிருந்தீர்கள். அந்த ஒரு சொல்லைத் தாண்டி வாசிக்க எனக்கு இரண்டு நாள் சென்றது.

உங்கள் சோதனைக்குப் பதில்: எனக்குத் தெரியாது. நான் பெட்டியைத் திறக்கவில்லை. மேலே என்ன இருக்கிறது என்று இன்று வரை தெரியாது. இதைப் படித்துவிட்டுப் பெட்டி என்னிடம் இல்லை என்று நீங்கள் முடிவு கட்டினால் நான் என்ன செய்வேன் என்றும் தெரியாது.

இனி உண்மையை எழுதுகிறேன். போன வருடமே எழுதியிருக்க வேண்டும்.

நீங்கள் போன அடுத்த மாதம் பெட்டியை வைக்கோலுக்குள் வைத்து ட்ரக்டரில் இங்கே கொண்டுவந்தேன். எங்கள் திணைக்களக் கந்தோரில் துணியில் கீறிய பெரிய படங்களைத் தகரக் குழலுக்குள் போட்டு மூடிக்கு ஈயம் வைத்து அடைப்பது வழக்கம். பூச்சி போகாது, தண்ணீர் போகாது. அதே முறையில் உங்கள் பெட்டி மூடியையும் நாலு பக்கமும் ஈயம் வைத்து அடைத்தேன். திறக்கமாட்டேன் என்று சொன்ன சொல்லுக்கும் அது ஒரு காவல் என்று நினைத்தேன். நல்ல வேலை செய்தேன் என்று அன்று எனக்குப் பெருமை.

ஆனால் அது கார்த்திகை மாதம். மூன்று நாள் மழை விடாமல் பெய்துகொண்டிருந்தது. கந்தோரில் மாரி காலத்தில் குழல் அடைக்கக் கூடாது என்பது விதி. ஈரக் காற்று உள்ளே மாட்டிக்கொள்ளும். அந்த விதியை அறிவித்தல் பலகையில் அழகாக எழுதி ஒட்டியவனே நான்தான். அவசரத்திலும் பயத்திலும் மறந்துவிட்டேன். பிறகு அந்தப் பெட்டியை இந்த வியர்க்கும் நிலவறைக்குள் பதினொரு வருடம் வைத்தேன்.

போன வருடம் உங்கள் கடிதம் வந்த அன்று பெட்டியை ஆட்டிப் பார்த்தேன். உள்ளே ஏதோ நனைந்த பாரம் ஒன்று ஒரு பக்கம் சரிந்து விழுந்தது. அடித்தகரத்தில் பழுப்பு நிறக் கறை. பதினொரு குடும்பத்தின் காணி என் கையில் அழுகிவிட்டது என்று நினைத்தேன். "பத்திரமாக இருக்கிறது" என்று எழுதியது பொய்.

ஈரக் கடதாசியை வெயிலில் விரித்தால் சுருண்டு உடையும். நிழலில், உலர்ந்த காற்றில், மெல்ல மெல்ல உலர வேண்டும். ஆகவே முதலில் அறையை உலர்த்தி, அதற்குள் வைத்துப் பெட்டியைத் திறக்க வேண்டும் என்று திட்டமிட்டேன். அதற்குத்தான் மெசின். ஐப்பசி மழைக்கு முன் செய்யாவிட்டால் அடுத்த வருடம்தான். உங்களிடம் காரணம் சொல்லாமல் மெசினை மட்டும் வாங்கிவிடலாம் என்று நினைத்தது என் கோழைத்தனம்.

சிவலட்சுமியின் விடயம். ஆளில்லாத வீடுகளில் ஓடு, கதவு, நிலை எல்லாம் ஒவ்வொன்றாகப் போயின. 96இல் அவள் கிளிநொச்சியை விட்டு இரண்டு பிள்ளைகளுடன் ஓடி வந்தாள். "அந்த வீட்டில் இரு. ஓடு போகாமல் பார். ஆட்கள் வரும் நாளில் எழும்பு" என்று சொன்னேன். அவளுக்குச் சொன்னேன், உங்களுக்குச் சொல்லவில்லை.

ஏரம்பு


புத்தளம்
21.09.2003

ஏரம்பர்,

சோதனையில நீர் பாஸ். மேல இருந்த சாமானின்ர பேரை நீர் சரியா எழுதியிருந்தால், பெட்டியைத் திறந்து பார்த்திட்டீர் எண்டு முடிவெடுத்திருப்பன். அது பொறி. "தெரியாது" எண்டு எழுதுவீர் எண்டு நான் நினைக்கேல்ல.

அதுக்காக எல்லாத்தையும் நம்பிட்டன் எண்டு நினையாதேயும். சொல்லாமல் ஆளை என்ர வீட்டில இருத்தினது எனக்கு இன்னும் தொண்டையில நிக்குது. ஜொஹறா சொல்லுறா, "அந்தப் பொம்பிளை முற்றம் கூட்டினதுக்கும் கோவமோ?" எண்டு. அவவுக்கு எல்லாம் லேசு.

மெசினுக்கு வாறன். உம்மட அறைக்கு ரெண்டு வகையும் சரி. உம்மட ஜெனரேற்றருக்கு ஒண்டுதான் சரி. குளிர்ப்பெட்டி மாதிரி கொம்பிரசர் வைச்ச வகை தண்ணி கூட இழுக்கும். ஆனால் ஸ்ராட் பண்ணேக்க நாலு மடங்கு கரண்ட் கேக்கும். உம்மட ஜெனரேற்றர் ஒரு இருமல் இருமிப்போட்டு நிண்டிடும். மற்ற வகையில கொம்பிரசர் இல்லை. ஈரத்தைப் பிடிக்கிற ஒரு சில்லு உள்ள மெல்லச் சுத்தும், சூட்டுக் கம்பி அந்தச் சில்லைக் காய வைக்கும். நானூற்றைம்பது வாற்ஸ், ஒரே சீரா இழுக்கும். தண்ணி குறைவாத்தான் எடுக்கும், பரவாயில்லை. கொழும்பில ஒரு ஸ்ரூடியோக்காரர் கமெரா லென்சுக்குப் பூஞ்சணம் பிடிக்காமல் வைச்சிருந்த ஜப்பான் பழசு ஒண்டை எடுத்திருக்கிறன். திருத்தி, கடையில ஒரு நாள் ஓட விட்டுப் பார்த்திட்டன்.

கதவைப் பூட்டும் ஐயா! வெயில் நேரத்துக் காத்து குளிர்ந்த சுவரில பட்டால் தண்ணியாகும். நீர் உலர்த்தேல்ல, ஊத்தியிருக்கிறீர். படிச்ச மனிசன்.

முன்ஸிர் கொண்டு வருவான். ஓமந்தையில கேட்டால் விதைநெல் காய வைக்கிற மெசின் எண்டு சொல்லுவான். அது முழுப் பொய்யும் இல்லையே. பதினெட்டு நாள் ஓட விடும். முன்ஸிர் திரும்பி வந்த பிறகு, அவன்ர கண்ணுக்கு முன்னால திறவும். சொன்ன சொல்லில இருந்து நான் உம்மை விடுறன். ஆனால் அவன் இல்லாமல் ஒரு ஈயப் பொட்டையும் தொடக் கூடாது.

ஹமீட்


ஸ்கந்தபுரம்
26.10.2003

மதிப்புக்குரிய ஹமீட் நானாவுக்கு,

மெசின் இரண்டாம் திகதி வந்தது. ஓமந்தையில் நாலு மணித்தியாலம் மறித்தார்களாம். இந்தப் பக்கம் இயக்கத்தின் சோதனையிலும் இரண்டு மணித்தியாலம். இரண்டு பக்கமும் கேட்ட கேள்வி "ஆருக்கு?" என்ற ஒன்றுதான் என்று முன்ஸிர் சொல்லிச் சிரித்தார். நிலவறைக் கதவை அடைத்து, சந்துக்குத் துணி செருகி, ஒரு நாளைக்கு ஆறு மணித்தியாலம் ஓட விட்டேன். வாளியில் சேர்ந்த தண்ணீரை அளந்து எழுதினேன். முதல் நாள் எட்டு லீற்றர். பதினெட்டாம் நாள் ஒரு லீற்றருக்கும் குறைவு. உப்பு நிறை ஏறவில்லை.

இருபதாம் திகதி முன்ஸிர் வந்தார். ஈயத்தை அவரே உருக்கினார். நான் விளக்குப் பிடித்தேன். அப்போது தெரிந்தது, வலது மூலையில் என் ஈயத்தில் ஒரு ஊசித்துளை. பதின்மூன்று வருடமாகப் பெட்டி அதனால் மூச்சு விட்டிருக்கிறது.

எல்லாவற்றுக்கும் மேலே வெள்ளைத் துணியில் கட்டிய ஒரு முடிச்சு இருந்தது. கனமாக, சொட்டச் சொட்ட ஈரமாக. நான் ஆட்டியபோது சரிந்தது அதுதான். முன்ஸிர் விரலால் தொட்டு நாக்கில் வைத்தார். "உப்பு" என்றார்.

உறுதிகள் ஒன்றோடொன்று ஒட்டியிருந்தன. ஒற்றுத்தாள் வைத்து, ஒரு தாளுக்கு ஒரு மணித்தியாலம் என்று ஐந்து நாள் பிரித்தோம். உறுதி எழுதிய நொத்தாரிசின் பேனை மை கரைந்து நீலக் கறையாகிவிட்டது. பெயரும் இல்லை, திகதியும் இல்லை. முதல் நாலு உறுதியும் இப்படி அழிந்திருக்கக் கண்டு நான் படியில் உட்கார்ந்துவிட்டேன்.

"ஏரம்பு அண்ணை, இந்தப் படத்தைப் பாருங்கோ" என்று முன்ஸிர் கூப்பிட்டார்.

ஒவ்வொரு உறுதியோடும் காணிப் படம் ஒன்று இணைத்திருந்தது. அந்தக் காலத்தில் மாலை நேரங்களில் நில அளவையாளர் ஒருவருக்கு நான் படம் கீறிக் கொடுத்தது உங்களுக்குத் தெரியும். அவை நான் இந்தியன் மையால் கீறியவை. அந்த மை தண்ணீரில் கரையாது. எல்லைகள், அளவுகள் எல்லாம் நேற்றுக் கீறியது போல இருந்தன. இடது மேல் மூலையில் சொந்தக்காரர் பெயரையும் உறுதி இலக்கத்தையும் சின்ன எழுத்தில் எழுதுவது என் வழக்கம். "அது படத்தில் வர வேண்டிய விடயம் இல்லை, ஏன் சும்மா கிறுக்குகிறீர்?" என்று அளவையாளர் எத்தனை முறை ஏசினார். நான் படத்துக்குப் படம் மாறிப் போய்விடுமோ என்ற பயத்தில் எழுதினேன். அந்த இலக்கம் இருந்தால் காணிப் பதிவுக் கந்தோரில் பிரதி எடுக்கலாம். பத்துக் குடும்பத்துக்கும் இலக்கம் இருக்கிறது.

பதினோராவது உங்களுடையது. அதில் படம் இல்லை. "என்ர வளவின்ர எல்லை எனக்குத் தெரியும், எனக்கெதுக்கு உம்மட கோடு?" என்று நீங்கள் சிரித்தது ஞாபகம் வந்தது. உங்கள் உறுதியில் ஒரு எழுத்தும் மிஞ்சவில்லை. எழுத எனக்குக் கூச்சமாக இருக்கிறது.

ஆகவே ஒன்று தீர்மானித்தேன். நவம்பர் 24ஆம் திகதி நான் கச்சேரிக்கு வருகிறேன். அந்த வெளியறையில் ஆறு வருடம் வாடகைக்கு இருந்தவன் நான், வீடு ஹமீடுடையது, நாலு எல்லையும் இவை என்று அதிகாரியின் முன் சொல்லுவேன். கந்தோரில் எழும்பி நின்று பேசி எனக்குப் பழக்கம் இல்லை என்பது உங்களுக்குத் தெரியும். சொல்ல வேண்டியதை ஒரு தாளில் எழுதி மனப்பாடம் செய்கிறேன். சிவலட்சுமியும் வருகிறாள். "அது என்ர வீடு இல்லை எண்டு கையெழுத்து வைக்க எனக்கென்ன மாமா வெக்கம்? ஓடு எண்ணிப் பார்க்கச் சொல்லுங்கோ, ஒண்டும் குறையேல்ல" என்றாள்.

இன்று காலை மழை தொடங்கிவிட்டது. பத்துப் படமும் உலர்ந்து, தட்டையாக, என் படுக்கைக்குக் கீழே இருக்கின்றன.

ஏரம்பு


புத்தளம்
06.11.2003

ஏரம்பர்,

நோன்பு காலம். வாய் காய்ஞ்சு போய் எழுதுறன், எழுத்துப் பிழை இருந்தால் திருத்தி வாசியும்.

உம்மட கடிதத்தை ஜொஹறாவுக்கு வாசிச்சுக் காட்டினன். உப்பு எண்ட இடத்தில எழும்பிப் போயிட்டா. நோன்பு துறக்கவும் ஒரு பேரீச்சம்பழத்துக்கு மேல வாயில வைக்கேல்ல. "கருவாட்டுக்கு உப்பு வைக்கிறம், மாங்காய்க்கு வைக்கிறம். உறுதிக்கும் ஒரு முடிச்சு வைச்சால் கறையான் வராது எண்டு நினைச்சன். நானெல்லோ அழிச்சிட்டன்" எண்டு அழுகை. அவ முடிச்சுக் கட்டேக்க நான் பக்கத்திலதான் நிண்டனான். வேண்டாம் எண்டு தடுக்கேல்ல. பிறகு அந்த உப்பை வைச்சே உமக்குப் பொறியும் வைச்சனான். உம்மட துளையால ஈரம் வந்தது, எங்கட உப்பு அதைக் கூப்பிட்டு வைச்சிருந்தது. பிழையை ரெண்டாப் பிரிப்பம். பெரிய பாதி எங்கட.

பத்துக் குடும்பத்துக்கும் சொல்லிட்டன். உம்மட மூலை எழுத்தைக் கேட்டுப் எங்கட ஒழுங்கைப் பஸ்னாவின்ர வாப்பா கையெடுத்து உமக்காகத் துஆக் கேட்டார். என்ர உறுதி போனால் போகட்டும். படம் கீறித் தாறன் எண்டு அண்டைக்குச் சொன்ன மனிசனைப் பார்த்துச் சிரிச்சதுக்கு அது கூலி. நீர் வந்து சாட்சி சொன்னால் காணும். மனப்பாடம் பண்ணினதை மறந்தால் என்ர முகத்தைப் பாரும், நான் அடி எடுத்துத் தாறன்.

சிவலட்சுமியைக் கையெழுத்து வைக்கச் சொல்லும். ஆனால் மாரிக்குள்ள பிள்ளையளோட எழும்பிப் போக வேண்டாம். ஜொஹறா சொல்லுறா, நாங்கள் தையில வந்தால் உம்மட பழைய வெளியறையில அவ இருக்கலாமாம். ஓடுகளை நான் வந்து எண்ணுவன். எண்ணாமல் விடமாட்டன்.

22ஆம் திகதி முன்ஸிரின்ர லொறியில உம்மட வீட்டுக்கு வாறன். நோன்போட வருவன், பகலில தேத்தண்ணி தரப் பார்க்காதேயும்.

வாறதுக்கு ஒரு காரணம் இருக்கு. என்ர மெசின் இருபத்திநாலு மணித்தியாலம் ஓடினாலும் ஆறு லீற்றருக்கு மேல எடுக்காது. கடையில நானே அளந்தனான். நீர் ஆறு மணித்தியாலத்தில எட்டு லீற்றர் எண்டு எழுதியிருக்கிறீர். எனக்கு அதில பெரிய சந்தேகம் இருக்கு. எந்தப் போத்தலால அளந்தீர் எண்டு பார்க்க வேணும். நான் வருமட்டும் அதை எறிஞ்சு போடாதேயும்.

உம்மட
ஹமீட் நானா